ஃபண்டு நின்ற பிறகும் ஓடும் பயிற்சி மையம்: மர்பி டவுனுக்கு ஒரு சந்தேகப் பயணம்

போன ஜனவரியில், பொங்கல் முடிந்த அடுத்த வாரம், கோலார் தங்கவயலிலிருந்து, அதாவது கேஜிஎஃப்பிலிருந்து, பெங்களூருக்கு இரண்டு நாள் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. எங்கள் ஆட்களுக்கு பெங்களூர் சுற்றிப் பார்க்கிற ஊரே கிடையாது. விடியும் முன் ரயிலேறி வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிற ஊர். நான் போனது மர்பி டவுனில் இருக்கும் ஒரு தொழிற்பயிற்சி மையத்தைப் பார்க்க. நிதியுதவி நின்று மூன்று வருடமாகியும் அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேள்வி. எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் மையம் தங்கவயலின் உரிகம் பகுதியில் இருக்கிறது. சுரங்கம் மூடிய பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு வயரிங், பிளம்பிங், பம்பு மோட்டார் பழுதுபார்ப்பது சொல்லித்தருகிறோம். கூடவே தையலும் கம்ப்யூட்டரும் உண்டு. நான் அதன் ஒருங்கிணைப்பாளர். ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை ஆறு வருடம் பணம் கொடுத்தது. மார்ச்சோடு முடிகிறது, இனி நீங்களே நடத்திக்கொள்ளுங்கள், அதற்கான திட்டத்தை எழுதி அனுப்புங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. திட்டம் எழுதுவதில் எங்களுக்குக் கஷ்டமே இல்லை. அழகாக எழுதுவோம். அதை நம்புவதுதான் கஷ்டம்.

எங்கள் செயலாளர் ஜெயசீலன் சார்தான் மர்பி டவுன் மையத்தைப் பற்றிச் சொன்னார். “அவங்க என்னமோ ஒரு வழி கண்டுபுடிச்சிருக்காங்கம்மா. நீ போய்ப் பாத்துட்டு வா. நாமளும் அதையே செஞ்சிரலாம்” என்றார்.

எனக்கு அப்போதே சந்தேகம். இந்தத் துறையில் பல வருடம் இருந்துவிட்டேன். ‘சொந்தக் காலில் நிற்கிறோம்’ என்று சொன்ன மையங்களை இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ஒன்றில் பின்பக்கமாக வேறொரு நன்கொடையாளர் இருந்தார். இன்னொன்றில் ஏழைப் பிள்ளைகள் நுழையவே முடியாத அளவு கட்டணம். மூன்றாவதில் வகுப்பே நடக்கவில்லை, சான்றிதழ் மட்டும் நடந்தது. அதனால் இந்த மையமும் ஏதோ ஒன்றை மறைக்கிறது என்று முடிவுகட்டிக்கொண்டுதான் கிளம்பினேன். அது என்ன என்பது மட்டும்தான் என் கேள்வி. இதே நிலைமையில் மாட்டிக்கொண்டு, இதே மாதிரி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மாரிக்குப்பத்திலிருந்து வரும் விடியற்காலை வண்டியில் உரிகத்தில் ஏறினேன். உட்கார இடம் வேண்டுமென்றால் மாரிக்குப்பத்துக்கே போய் ஏறுவது நல்லது. உரிகத்தில் ஏறினால் பங்காரப்பேட்டை வரை நிற்கலாம், அதற்கப்புறமும் நிற்கலாம். பயணச்சீட்டு முப்பது ரூபாய்க்குள். பாதிப் பேர் மாதப் பாஸ்காரர்கள். ஏறியதும் சால்வையை முகத்தில் போட்டுத் தூங்கிவிடுவார்கள். என் பெட்டியிலேயே எங்களிடம் படித்த மூன்று பேர் இருந்தார்கள். ஒருத்தி மாலில் துணிக்கடை, ஒருவன் செக்யூரிட்டி, இன்னொருவன் உணவு டெலிவரி. மூவரும் எங்களிடம் வயரிங் கற்றவர்கள். “மேடம், மையம் மூடப் போறாங்களாமே, நெசமா?” என்று டெலிவரி பையன் கேட்டான். ஊரெல்லாம் தெரிந்திருக்கிறது. “பாக்கலாம்பா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பையப்பனஹள்ளியில் இறங்கி மெட்ரோ பிடித்து அல்சூர் போனேன். மெட்ரோ பலகையில் ஹலசூரு என்றிருக்கும், குழம்ப வேண்டாம். அங்கிருந்து மர்பி டவுன் நடக்கிற தூரம்தான், ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். தோளில் இரண்டு நாள் துணிப்பை இருந்ததால் ஆட்டோ ஏறினேன். எண்பது கேட்டார், அறுபதுக்கு ஒப்புக்கொண்டார். ஓட்டுநர் அந்தப் பக்கத்து ஆள். மையத்தின் பெயரைச் சொன்னதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“அந்த டிரெய்னிங் எடமா? வேன் ஸ்டாப்பு சொல்லுங்க, டக்குனு புரியும். டெய்லி காலீல வேன்ல புள்ளைங்கள ஏத்தினு போறாங்கம்மா. சாயங்காலம் எறக்கி உடறாங்க.”

“எங்க போறாங்க?”

“எலெக்ட்ரானிக் சிட்டில ஏதோ அபார்ட்மென்ட்டுன்னு சொல்றாங்க. படிக்கிற புள்ளைங்க எதுக்கு யூனிஃபார்ம் போட்டுனு வேலைக்குப் போவுது? நமக்கு எதுக்கு, வுடுங்க.”

அவர் விட்டுவிட்டார். என்னால் விட முடியவில்லை. ஆள் சப்ளை செய்கிற ஒப்பந்தக்காரர் வேலைதான் பயிற்சி என்ற பெயரில் நடக்கிறதோ என்று அந்த அறுபது ரூபாய்ப் பயணத்திலேயே தோன்றிவிட்டது.

மையம் ஒரு ஹார்டுவேர் கடையின் மேல்மாடியில் இருந்தது. படியேறியதும் ஒரே பெரிய அறை. சுவர் முழுக்க பலகைகள் அடித்து ஸ்விட்ச், மீட்டர், ஃபியூஸ் எல்லாம் மாட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் திறந்து கிடந்த பம்பு. பத்துப் பதினைந்து பேர், பாதிக்குப் பாதி பெண்கள். வகுப்பு உண்மையில் நடக்கிறது என்பதில் சந்தேகமில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மையத்தை நடத்துபவர் சாந்தகுமாரி. எல்லாரும் சாந்தக்கா என்கிறார்கள். ஐம்பது வயதிருக்கும். மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர். பருத்திப் புடவை, தோளில் ஒரு டூல்ஸ் பை, ஒரு நிமிடத்துக்குள் தமிழ், கன்னடம், இந்தி மூன்றும் வந்து போகிற பேச்சு. டீ வரவழைத்தார், பிஸ்கட் கொடுத்தார், அறையைச் சுற்றிக் காட்டினார். நான் கேட்ட எதற்கும் பதில் மட்டும் சொல்லவில்லை.

“ஃபண்டு நின்னதுக்கு அப்புறம் வாடகை, சம்பளம் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீங்க?”

“நடக்குது மேடம்.”

“கோர்ஸுக்கு ஃபீஸ் வாங்குறீங்களா?”

“இல்லீங்க.”

“அப்போ?”

“ஏதோ நடக்குது. ஆமா, உங்கள யாரு அனுப்பினாங்கன்னு சொன்னீங்க?”

இந்தக் கேள்வியை அவர் அன்று காலை மூன்று முறை கேட்டார். ஒவ்வொரு முறையும் எங்கள் மையத்தின் பெயரையும் ஜெயசீலன் சார் பெயரையும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் முதல்முறை கேட்பது போலத் தலையாட்டினார். அவருக்குத் தொலைபேசி வந்தபோது எழுந்து படிக்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். பிள்ளைகள் வேலை செய்யும் அபார்ட்மென்ட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். “அங்க விசிட்டர்ஸ உடமாட்டாங்க. செக்யூரிட்டி ப்ராப்ளம்” என்றார்.

பம்பைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய், இங்கே பணம் ஏதாவது தருகிறார்களா என்று கேட்டேன். அவள் பதில் சொல்லும் முன் சாந்தக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “குடுக்கறாங்க மேடம்” என்று சொல்லிவிட்டு குனிந்துகொண்டாள். அந்தப் பார்வை எனக்குப் போதுமானதாக இருந்தது. பயந்த பிள்ளையின் பார்வை என்று நானே அர்த்தம் செய்துகொண்டேன்.

மதியத்துக்கு முன்பே மரியாதையாக விடைகொடுத்து அனுப்பிவிட்டார். “மறுபடி பெங்களூர் வந்தா வாங்க” என்றார். வரவேண்டாம் என்று அதற்கு அர்த்தம்.

அன்று இரவு தங்குவதற்கு ஜோகுபாளையத்தில் என் பெரியம்மா மகள் வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். பையை அங்கே வைத்துவிட்டு, தெருமுனை மெஸ்ஸில் சாப்பிட்டேன். சாப்பாடு எழுபது ரூபாய், கூட்டு கேட்டால் இன்னொரு கரண்டி போடுகிறார்கள். ரசம் வரும்போது ஜெயசீலன் சார் அழைத்தார். சாந்தக்கா வாயே திறக்கவில்லை என்று புலம்பினேன்.

“அது கெடக்கட்டும்மா. எந்த அபார்ட்மென்ட்டு, அங்க மேனேஜர் யாரு, அது மட்டும் தெரிஞ்சா போதும். முடிஞ்சா நம்பர் வாங்கிட்டு வா.”

நேரில் போய்ப் பார்க்கச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. மையத்தில் பேசாவிட்டால் வேலை செய்கிற இடத்தில் பேசுவார்கள். ரோஸியின் நினைவு வந்தது. எங்கள் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதிப் பெண், என் தங்கையோடு படித்தவளின் மகள். சித்தி வீடு இந்தப் பக்கம் இருப்பதால் எங்களிடம் சேராமல் மர்பி டவுனில் படித்து, இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் அபார்ட்மென்ட் டெக்னீஷியனாக இருக்கிறாள். ஊருக்குப் போன் போட்டு எண்ணை வாங்கி அழைத்தேன். “நாலு மணிக்கு ஷிஃப்ட் முடியும்க்கா, வாங்க” என்று இடம் அனுப்பினாள். சாந்தக்காவிடம் சொல்லிவிட்டுப் போகலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொல்லவில்லை.

மர்பி டவுனிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி இருபது கிலோமீட்டர்தான். வரைபடத்தை நம்பாதீர்கள். தொம்மலூர் போய், சில்க் போர்டு பேருந்து ஏறி, அங்கே மாறிப் போக எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கர்நாடக முகவரி ஆதார் காட்டினால் சாதாரண அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் டிக்கெட் எடுக்க வேண்டும். சில்க் போர்டிலிருந்து மெட்ரோவும் இப்போது இருக்கிறது. அவசரமென்றால் அதைப் பிடியுங்கள். நான் கீழேயே போனேன். மேலே மேம்பாலச் சாலையில் கம்பெனி கேப்கள் பறக்க, நாங்கள் அதன் நிழலில் ஊர்ந்தோம். வழி நெடுக மனதுக்குள் ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன், பயிற்சி என்ற பெயரில் நடக்கும் உழைப்புச் சுரண்டலைப் பற்றி. தலைப்பு முதற்கொண்டு தயார்.

அபார்ட்மென்ட் பெரியது. எட்டு டவர்கள். பக்கவாட்டு கேட் எதிரில் ஒரு டீக்கடை. ரோஸி நீலச் சட்டையும் ஷூவும் போட்டுக்கொண்டு, இடுப்பில் டெஸ்டரோடு வந்தாள். சின்ன வயதில் பார்த்த ரோஸி இல்லை. எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்.

“படிக்கிற புள்ளைங்கள இங்க வேலை வாங்குறாங்களா?”

“ஆமாக்கா. கடைசி நாலு மாசம் இங்கதான்.”

“அபார்ட்மென்ட்காரங்க அசோசியேஷன் பணம் யாருக்குக் குடுக்குது?”

“சென்டருக்கு. அதுல புள்ளைங்களுக்கு ஸ்டைபண்டு, எங்கள மாதிரி சீனியருங்களுக்கு சம்பளம். மிச்சத்துலதான் கிளாஸு, வாடகை, வேனு எல்லாம்.”

“அப்போ உங்க உழைப்புலதான் அந்த மையம் ஓடுது.”

“வேற எதுல ஓடும்?” என்றாள் ரோஸி. கோபமில்லாமல்தான் சொன்னாள்.

நான் நினைத்தது சரியாகிவிட்டது. ஆனால் நினைத்தபடி சந்தோஷம் வரவில்லை. ஏனென்றால் அவள் அதை ஒரு ரகசியத்தை உடைப்பது போலச் சொல்லவில்லை. டீயை ஊதிக்கொண்டே மீதியையும் சொன்னாள்.

ஃபண்டு நின்ற முதல் வருடம் சாந்தக்கா யாரிடமும் எதுவும் சொல்லாமல்தான் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியிருக்கிறார். ‘பிராக்டிகல்’ என்று சொல்லியிருக்கிறார். ரோஸி அந்த அணியில் இருந்தாள். அபார்ட்மென்ட் கணக்காளர் பேச்சுவாக்கில் சொல்லப்போய், தங்கள் வேலைக்கு அசோசியேஷன் எவ்வளவு கொடுக்கிறது என்று தெரிந்துவிட்டது. மறுநாள் காலை வேன் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை.

“மொதல்ல ஏறமாட்டேன்னு நின்னவ நான்தான்க்கா. சாந்தக்கா வந்து கத்துச்சு. வேன் டிரைவரு ஹாரன் அடிச்சினே இருக்கான். இங்க ரெண்டாவது டவர்ல தண்ணி மேல ஏறல, போன் மேல போன். நாங்க படிக்கட்டுலயே உக்காந்துட்டோம். கடைசீல அதுவும் வந்து எங்க பக்கத்துலயே உக்காந்துச்சு. ‘ஃபண்டு இல்லடி, வேற வழி தெரியல எனக்கு’ன்னு அழுதுருச்சு.”

“அப்புறம்?”

“அழுதா ஆச்சா? நாங்க எறங்கி வரல. சேர்ற அன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிடணும்னோம். சீனியர் இல்லாம டிரெய்னிய தனியா உடக்கூடாது. நைட் ஷிஃப்ட் கூடாது. யாருக்கு எவ்வளவுன்னு பேசறப்போ எங்கள்ல ரெண்டு பேரு உக்காரணும். ஒத்துக்கிச்சு. இப்ப அந்த ரெண்டு பேர்ல நானும் ஒருத்தி.”

“எல்லாம் சரியாயிடுச்சா?”

“எங்கக்கா. அசோசியேஷன் லேட் பண்ணா எங்களுக்கும் லேட்டுதான். அன்னிக்கு எல்லாம் மறுபடி சண்டதான்.” சிரித்தாள். பிறகு குரலை இறக்கினாள். “ஆனா நீங்க சாந்தக்காகிட்ட சொல்லிட்டு வந்திருக்கலாம். போன வருஷம் ஒருத்தரு வந்தாரு, கத்துக்கணும்னு. அக்கா எல்லாத்தையும் காட்டுச்சு. அங்க இருக்குது பாருங்க, ரோஸ் கலர் பில்டிங், அது நம்ம சைட்டா இருந்துச்சு. ரெண்டு மாசத்துல அவரு கம்மி ரேட்டு குடுத்து எடுத்துக்கினாரு. நம்மாளுங்க ஏழு பேருக்கு வேலை போச்சு.”

அந்த ரோஸ் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே என் போன் அதிர்ந்தது. ஜெயசீலன் சாரின் குறுஞ்செய்தி. மேனேஜர் நம்பர் கிடைத்ததா என்று.

மெஸ்ஸில் கேட்டபோது புரியாதது இப்போது புரிந்தது. எழுந்து கொஞ்சம் தள்ளிப்போய் அவரை அழைத்தேன்.

“நம்பர் எதுக்கு சார்?”

“எதுக்குன்னா? நாமளும் ஒரு கொட்டேஷன் குடுக்கலாம்ல. நம்ம புள்ளைங்க கேஜிஎஃப்ல இருந்து ரயில்ல வந்துருவாங்க, வேன் செலவு கெடையாது. அவங்களவிட கம்மியா குடுக்கலாம்.”

“அப்போ இங்க இருக்கறவங்க?”

“விமலா, மார்ச்சுக்கு அப்புறம் உனக்குச் சம்பளம் யாரு குடுக்கப் போறா? நம்ம புள்ளைங்க பொழைக்க வேணாமா?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. காலையில் ரயிலில் பார்த்த மூன்று முகங்களும் அவர் கேள்வியோடு சேர்ந்து எனக்கு முன்னால் நின்றன. வயரிங் கற்றுவிட்டு சோற்றுப் பொட்டலம் சுமக்கிறவனுக்கு இந்த நீலச் சட்டை கிடைத்தால் வேண்டாமென்பானா? பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது டீக்கடையில் ரோஸியோடு ஒருவர் நின்றிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வாக்கி டாக்கி. “எங்க மேனேஜரு, அக்கா” என்றாள். ரோஸி என்னைக் கேஜிஎஃப்பில் பயிற்சி மையம் நடத்துகிறவர் என்று சொல்லியிருக்கிறாள். அவர் கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார்.

“கேஜிஎஃப்லயும் டிரெய்னிங் கொடுக்கறீங்களா மேடம்? ஒள்ளேது, நல்லது. ஏப்ரல்ல நமக்கு கான்ட்ராக்ட் ரினீவல் வருது. உங்க ரேட்டு என்ன?”

ரோஸி என்னைப் பார்க்கவில்லை. கிளாஸைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஷூ லேஸைக் கட்டக் குனிந்தாள். ஒரு எண்ணைச் சொன்னால் போதும். அப்புறம் மற்றதை ஜெயசீலன் சார் பார்த்துக்கொள்வார்.

“ரேட்டு பேச வரல சார். இவங்க சென்டர பாக்க வந்தேன். நல்லா செய்றாங்களா?”

“செய்றாங்க, செய்றாங்க. ரேட்டுதான் ஜாஸ்தி” என்று சிரித்துவிட்டு, “சும்னே கேட்டேன்” என்று கன்னடத்தில் சேர்த்துச் சொல்லி உள்ளே போனார். சும்மா கேட்ட மாதிரி எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஜோகுபாளையத்திலிருந்து நடந்தே மர்பி டவுன் போனேன். எல்லாவற்றையும் சாந்தக்காவிடம் சொல்லிவிடலாம் என்று வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே போனேன். அதற்கு வேலையிருக்கவில்லை. படியேறும்போதே அவர் மேலே நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் முந்தின இரவே அவருக்குப் போன் செய்து, கேஜிஎஃப் ஆட்கள் வந்திருக்கிறார்கள், ரேட்டைக் குறைக்க முடியுமா பாருங்கள் என்று கேட்டிருக்கிறார். என்னை வைத்தே அவரை மிரட்டியிருக்கிறார்.

“எவ்வளவு சொன்னீங்க?” என்றார் சாந்தக்கா. உட்காரச் சொல்லவில்லை.

“எதுவும் சொல்லல.”

“நான் எப்படி நம்பறது?”

ரோஸியைக் கேளுங்கள் என்றேன். கேட்டுவிட்டேன் என்றார். அதன் பிறகும் நம்பவில்லை. ஜெயசீலன் சார் நம்பர் கேட்டதையும் சொன்னேன். அப்போதுதான் அவர் முகம் கொஞ்சம் மாறியது. கோபம் குறைந்ததென்று சொல்ல மாட்டேன். ஊகித்திருந்த விஷயத்தை நானே என் வாயால் சொன்னதில் ஒரு திருப்தி வந்திருக்கலாம்.

“உங்க ஃபண்டு எப்ப முடியுது?”

“மார்ச்.”

“இப்ப ஜனவரி.” நாற்காலியை என் பக்கம் தள்ளினார். “நான் ஒன்ற வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சேன் மேடம். அப்படியும் தடுமாறிட்டேன். புள்ளைங்ககிட்ட பொய் சொல்ற நெலமைக்கு வந்துட்டேன். நீங்க ரெண்டு மாசம் வெச்சுகினு இன்னொருத்தர் சைட்ட தேடி வந்திருக்கீங்க.”

பிறகு பேசினார். முதல் நாள் நான் கேட்டதற்கெல்லாம் இப்போது பதில் வந்தது, திட்டும் கலந்து. ஃபண்டு இருந்தபோது தையல், கம்ப்யூட்டர், ஆங்கிலம் என்று ஐந்து வகுப்பு நடந்ததாம். நான்கை மூடியிருக்கிறார். தையல் டீச்சர் இன்றுவரை அவரோடு பேசுவதில்லையாம். தன் சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டு, வாரத்தில் மூன்று நாள் அவரே டூல்ஸ் பையோடு வேலைக்குப் போகிறார். எந்த வேலைக்குப் பணம் கொடுக்க ஆள் இருக்கிறதோ, எந்த வேலையைத் தன் பிள்ளைகளால் வேறு யாரையும்விட நன்றாகச் செய்ய முடியுமோ, அதை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்.

“உங்க ஊர்ல பம்பு இல்லியா? ஸ்கூலு, கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி இல்லியா? பங்காரப்பேட்டைல இல்லியா? அங்க எத்தன எடத்துல மோட்டாரு புட்டுக்கினு கெடக்குதுன்னு போய்ப் பாத்தீங்களா?”

பார்க்கவில்லை. ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கிளம்பும்போது, இந்த முறை, மறுபடி வாங்க என்று அவர் சொல்லவில்லை. “சொல்லிட்டு வாங்க” என்றார்.

மதிய வண்டியில் ஊர் திரும்பினேன். கூட்டமில்லை. நகர விரும்பாத ஒரு வண்டி அது. மாலூரில் அரைமணி நின்றது. ஊருக்கு வந்ததும், நம்பர் வாங்கவில்லை என்றும், கிடைத்திருந்தாலும் தந்திருக்க மாட்டேன் என்றும் ஜெயசீலன் சாரிடம் சொன்னேன். பெரிய சண்டையாகிவிட்டது. “பெரிய நியாயவாதி! மையத்த நீயே நடத்திக்கோ” என்றார். கோபத்தில் சொன்னதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

மார்ச்சில் பழைய மையம் மூடப்பட்டது. தையலையும் கம்ப்யூட்டரையும் விட்டுவிட்டோம். அதைச் சொன்னபோது இரண்டு ஆசிரியைகள் அழுதார்கள். நான் எதையும் பூசி மெழுகிச் சொல்லவில்லை. நானும் வயரிங் ஆசிரியர் ஒருவரும் ஒரு அறையை மட்டும் வைத்துக்கொண்டோம். இப்போது ஒரு தனியார் பள்ளி, பங்காரப்பேட்டையில் இரண்டு கல்யாண மண்டபம், ஒரு சின்ன ஆஸ்பத்திரி ஆகியவற்றின் மின்சார, தண்ணீர் வேலை எங்களிடம் இருக்கிறது. அதில் மையம் ஓடுகிறது. நன்றாக ஓடுகிறது என்று சொன்னால் பொய். என் சம்பளம் முன்பு வாங்கியதில் பாதி. ஜெயசீலன் சார் இப்போது பேசுகிறார். கல்யாண மண்டபம் ஒன்றைப் பிடித்துக் கொடுத்தவரே அவர்தான். இங்கே முடிக்கிற பிள்ளைகளில் இரண்டு பேரை, பெரிய கட்டடத்து வேலை பழக, சாந்தக்கா தன்னிடம் எடுத்துக்கொள்கிறார். ஆனால் அவருடைய சைட்டுகளில் எதற்கு ரினீவல் வந்தாலும் எனக்குப் போன் வரும். “கொட்டேஷன் ஏதாவது குடுத்தீங்களா?” இல்லை என்பேன். “சரி” என்று வைத்துவிடுவார். அவர் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. அவரிடத்தில் இருந்தால் நானும் கேட்பேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஒரே நாளில் போய் வர முயலாதீர்கள். எலெக்ட்ரானிக் சிட்டியை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தங்க உறவினர் இல்லையென்றால் அல்சூர் பக்கத்தில் விடுதிகள் உண்டு. எந்த மையத்துக்குப் போனாலும் நடத்துகிறவரிடம் முதலில் நீங்கள் ஏன் வந்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். உங்களை அனுப்பியவரிடமும் ஏன் அனுப்புகிறார் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். என்னென்ன நடத்துகிறீர்கள் என்று கேட்பதைவிட எதையெல்லாம் மூடினீர்கள் என்று கேட்டால் உபயோகமான பதில் கிடைக்கும். அனுமதி வாங்கிக்கொண்டு, படித்து முடித்தவர்களிடம் தனியாகப் பேசுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி இரண்டு மாதத்தில் போகாதீர்கள்.

ஜூனில் புதிய அணி சேர்ந்தது. ஒன்பது பேர். முதல் நாளே எங்களுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, கடைசி மாதங்களில் அவர்கள் செய்யும் வேலைக்கு யார் எவ்வளவு கொடுக்கிறார்கள், அதில் அவர்கள் பங்கு என்ன என்று எல்லாவற்றையும் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

“அப்போ எங்க வேலைலதான் உங்க சம்பளமா மேடம்?”

“ஆமா.”

“நாங்க வரலன்னா?”

“எனக்குச் சம்பளம் இல்ல. கிளாஸும் இல்ல.”

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். ஃபண்டு இருந்த ஆறு வருடத்தில் ஒரு மாணவர்கூட என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.